ஃபோக் கிட்டார் தனி வகுப்பு: சேர நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

தூத்துக்குடியில் என் வீட்டு முன்னறையில் ஃபோக் கிட்டார் சொல்லித் தருகிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாணவர்தான். போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வேறு ஊரில் வேறு ஆசிரியரிடம் சேர இருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஃபோக் கிட்டார் என்று எதைச் சொல்லித் தருகிறீர்கள்?

பாடுகிறவருக்கு ஒற்றைக் கிட்டாரில் துணை வாசிப்பதை. பாடுகிறவர் நீங்களாகவே இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அக்காவாகவும் இருக்கலாம். டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எதுவும் கிடையாது. தாளம், சுருதி, மெட்டு மூன்றையும் ஒரே ஆள் தாங்க வேண்டும். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார்தான் இதற்கு.

இந்தக் கைவாகு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்தது. 1927 ஆகஸ்டில் டென்னசியின் பிரிஸ்டல் ஊரில் கார்ட்டர் குடும்பத்தார் முதல் தடவையாக இசைத்தட்டுக்குப் பாடினார்கள். அப்போது மேபெல் கார்ட்டருக்கு வயது 18. கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டையே வாசித்துக்கொண்டு, மற்ற விரலால் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) வருடினார். கெண்டக்கியின் மெர்ல் டிராவிஸ் கற்றுக்கொண்டது நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அக்கம்பக்கத்துக்காரர்களிடம். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் சில பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு வயல்வேலைக்குத் திரும்பிவிட்டார். 1963இல் ஆட்கள் தேடிப் போய்க் கண்டுபிடிக்கும்வரை ஊரில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். இவர்களில் யாரும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இதைப் படிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, கையைப் பார்த்து, காதால் வாங்கினார்கள். என் வகுப்பும் அப்படித்தான் நடக்கிறது.

நாலைந்து பேராகச் சேர்ந்து வந்தால் கட்டணம் குறையுமா?

குறையாது. குழுவாக நான் எடுப்பதில்லை. குழுவில் படிக்கவே முடியாது என்று சொல்லவில்லை. சிகாகோவில் 1957இல் தொடங்கிய ஓல்டு டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக் குழு வகுப்பிலேயே பெயர் வாங்கியது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கூடி வாசிப்பது அங்கே வழக்கம். ஆனால் ஐந்து கிட்டார் ஒரே அறையில் ஒலிக்கும்போது யாருடைய கட்டைவிரல் தாளம் தப்புகிறது என்று என் காதுக்குத் தெரியாது. இந்த வாசிப்பில் தொண்ணூறு விழுக்காடு கோளாறு அந்த விரலில்தான்.

கட்டணம் எவ்வளவு? வராத நாளுக்குக் கழிப்பீர்களா?

மாதம் நான்கு வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம், 2,400 ரூபாய். மாத முதல் வகுப்பில் தர வேண்டும். முந்தின நாள் சொல்லிவிட்டால் வேறு நாள் தருவேன். வகுப்பு நேரத்தில் “இன்னைக்கு வரல சார்” என்று மெசேஜ் வந்தால் அந்த வகுப்பு போனதுதான். ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. அந்தப் பதினொரு நாளும் ஊரில் யாருக்கும் வகுப்பு ஓடாது, எனக்கும் ஓடாது. அதற்குக் கட்டணமும் இல்லை. டிசம்பர் மூன்றாம் வாரம் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ், அப்போதும் அப்படியே.

எந்தக் கிட்டார் வாங்கலாம்?

வாங்குவதற்கு முன் ஒரு வகுப்புக்கு வாருங்கள். இங்கே இரண்டு கிட்டார் இருக்கிறது, கையில் எடுத்துப் பார்க்கலாம். வாங்கிவிட்டு வருகிறவர்களில் பலர் கொண்டுவருவது கடையில் கண்ணைப் பறித்த நீலமோ சிவப்போ பூசிய 38 இஞ்சு கட்அவே (ஒரு பக்கத் தோளை வெட்டிய கிட்டார்). கம்பி ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எம்பி நிற்கும். அழுத்தினால் விரல் அறுந்துவிடும் போலிருக்கும். பிள்ளை இரண்டு வாரத்தில் “எனக்கு வராது” என்று மூலையில் வைத்துவிடும். குறை பிள்ளையிடம் இல்லை.

கடையில் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். 12ஆவது ஃப்ரெட்டில், ஃப்ரெட்டின் தலைக்கும் ஆறாவது கம்பியின் (இருப்பதில் தடித்தது) அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். இரண்டரை மில்லிமீட்டர் சுற்றளவில் இருந்தால் சரி. நாலு என்றால் வேண்டாம், அல்லது அந்த இடத்திலேயே சேடிலை (உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டு) தேய்த்து இறக்கித் தரச் சொல்லுங்கள். அடுத்து, கழுத்துக்குள் ட்ரஸ் ராடு இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பி இழுப்பில் வளையும் கழுத்தை நேராக்குகிற இரும்புக் கம்பி அது. 12 அளவில் (மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) தொடங்கும் லைட் கம்பி செட் ஒன்று கழுத்தை இழுக்கும் பலம் 70 கிலோவுக்கு மேல். ராடு இல்லாத கழுத்து இரண்டு கோடையில் வில்லாகிவிடும். யமஹா எஃப்310 வகை, அல்லது அதே தரத்தில் எதுவானாலும் தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். கம்பியை மட்டும் 10 அல்லது 11 அளவில் தொடங்கும் செட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். விரல் பிழைக்கும்.

வீட்டில் ஏற்கெனவே நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் இருந்தால் அதிலேயே தொடங்கலாம். கழுத்து அகலமாக இருக்கும், நட் பக்கத்தில் (கழுத்தின் தலைப்பக்க முனை) 52 மில்லிமீட்டர்; இரும்புக் கம்பிக் கிட்டாரில் 43தான். சின்னக் கைக்குக் கொஞ்சம் சிரமம், வேறு குறை இல்லை. ஆனால் அதில் இரும்புக் கம்பியை ஏற்றிவிடாதீர்கள். பிரிட்ஜ் (உடலில் கம்பியைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) பிய்த்துக்கொண்டு வரும்.

எத்தனை வயதில் சேர்க்கலாம்?

எட்டு வயதுக்குக் கீழே நான் எடுப்பதில்லை. விரல் எட்டுவது பெரிய சிக்கல் இல்லை, முக்கால் அளவு கிட்டார் கிடைக்கிறது. ஒரே பாட்டை இருபது தடவை வாசிக்கப் பொறுமை வேண்டும். மேல் வரம்பு கிடையாது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் வருகிறார்கள். விரல் மெதுவாகத்தான் போகும், ஆனால் பாட்டு அவர்களுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை. கொழும்புப் பைலாவை வாயால் தாளம் போட்டே காட்டுவார்கள். போர்ச்சுகீசியர் வழியில் வந்த அந்த ஆறு-எட்டுத் தாளத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

விரல் வலிக்குமே, எத்தனை நாள்?

இடது கை விரல் நுனியில் மூன்று, நான்கு வாரம் வலிக்கும். பிறகு தோல் தடித்துவிடும். வலியைக் குறைக்க வழி உண்டு: ஃப்ரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டி அழுத்துங்கள். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் கூடுதல் பலம் வேண்டும், சத்தமும் கரகரக்கும். ஊறின விரலோடு, குளித்த கையோடு வாசிக்க உட்காராதீர்கள். நுனி வலி வரலாம். மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி வரக் கூடாது. வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராமல் என்னிடம் சொல்லுங்கள். உட்காரும் விதத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

முதல் மூன்று மாதத்தில் என்ன நடக்கும்?

முதல் வகுப்பில் இடது கைக்கு வேலையே இல்லை. திறந்த கம்பியில் வலது கட்டைவிரல் மட்டும்: நாலாவது, ஐந்தாவது, நாலாவது, ஐந்தாவது. வாயில் ஏதாவது பாட்டு ஓட வேண்டும். பாட்டு ஓடும்போது விரல் நிற்காமலிருந்தால் அன்றைக்கு அது போதும். பெரும்பாலானவர்களுக்கு நிற்கும்.

பிறகு டி, ஏ7, ஜி, ஈ மைனர் கார்டுகள். ஒரு கார்டிலிருந்து மறு கார்டுக்கு ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை மாற முடிகிறது என்று எண்ணச் சொல்வேன். முப்பதைத் தொட்டால் பாட்டுக்குப் போகலாம். கூடவே, கட்டைவிரல் எந்தக் கார்டுக்கு எந்தக் கம்பியில் இறங்க வேண்டும் என்பது: சி என்றால் ஐந்தும் நாலும், ஜி என்றால் ஆறும் நாலும், டி என்றால் நாலும் ஐந்தும். இரண்டாம் மாதம் கட்டைவிரல் இறங்கும் இடைவெளியில் ஆள்காட்டியும் நடுவிரலும் ஒன்று மாற்றி ஒன்று நுழையும். அன்றிலிருந்து கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். மூன்றாம் மாத முடிவில் மூன்று, நான்கு பாட்டு, நிறுத்தாமல், பாடிக்கொண்டே.

எஃப் கார்டு எப்போது என்று யூடியூப் பார்த்துவிட்டு வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். அவசரமே இல்லை. ஒரு விரலால் ஆறு கம்பியையும் அமுக்கும் அந்த பார் கார்டுக்குப் பயந்தே பாதிப் பேர் கிட்டாரை விட்டிருக்கிறார்கள். நாலு கம்பி எஃப் ஒன்று இருக்கிறது, அதற்கும் முன்னால் கேப்போ இருக்கிறது.

என் சுருதி ஐந்தரைக் கட்டை. கிட்டார் பாட்டெல்லாம் ஜி, சி என்று இருக்கிறதே, எப்படிப் பாடுவது?

இதற்குத்தான் கேப்போ. கழுத்தில் மாட்டும் கவ்வி. எந்த ஃப்ரெட்டில் மாட்டுகிறீர்களோ அத்தனை அரைக்கட்டை சுருதி ஏறும். விரலுக்குப் பழக்கமான கார்டு வடிவம் மாறாது.

கணக்கு சுலபம். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. நடுவில் வருகிற அரைகள் ஹார்மோனியத்தின் கறுப்புக் கட்டைகள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அரை கிடையாது, ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. ஆகவே ஐந்தரைக் கட்டைக்கு ஜி வடிவம், முதல் ஃப்ரெட்டில் கேப்போ. ஒன்றரைக் கட்டைக்கு சி வடிவம், முதல் ஃப்ரெட். நாலரைக்கு இரண்டு வழி: டி வடிவம் நாலாவது ஃப்ரெட்டில், அல்லது ஈ வடிவம் இரண்டாவதில். டி வடிவம் மணிபோல் ஒலிக்கும், ஈ வடிவம் அடித்தொண்டையில் முழங்கும். தாலாட்டுக்கு முன்னது, ஆண் குரல் தெம்மாங்குக்குப் பின்னது. இது என் காதின் தேர்வு. உங்களுக்கு வேறாகப் படலாம்.

எந்தக் கட்டையில் பாடுகிறோம் என்றே தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம். அதைக் கண்டுபிடிப்பது முதல் வகுப்பிலேயே நடந்துவிடும்.

நம்ம ஊர் நாட்டுப்புறப் பாட்டுக்குக் கிட்டார் ஒத்துவருமா?

வரும், ஆனால் இணையத்தில் கிடைக்கும் கார்டுகளை அப்படியே போட்டால் வராது. தனியாக ஒரு ஆளிடம் உட்கார்ந்து படிப்பதற்கு உண்மையான தேவை இந்த இடத்தில்தான் வருகிறது என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மேற்கத்தியப் பாட்டில் முதல் கார்டு, நாலாவது, ஐந்தாவது (அதாவது ச, ம, ப மீது கட்டிய கார்டுகள்) மூன்றையும் வைத்து எதையும் சமாளித்துவிடலாம். நம் பாட்டில் அந்த ஐந்தாவது கார்டு காலை வாரும். செஞ்சுருட்டியைப் பாருங்கள், நம் நாட்டுப்புற மெட்டுகளில் அடிக்கடி காதில் விழும் ராகம். அதில் வருவது கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி. டி சுருதியில் பாடும்போது ஏ கார்டு போட்டால் அதற்குள் காகலி நிஷாதம், அதாவது உயர்ந்த நி, உட்கார்ந்திருக்கும்; குரலோடு உரசும். ஏ-யை எடுத்துவிட்டு சி கார்டைப் போடுங்கள். டி, ஜி, சி மூன்றிலும் ராகத்துக்கு அந்நியமான சுரமே இல்லை. பாட்டு சட்டென்று வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்துவிடும்.

புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்களில் சுத்த ரிஷபம், தாழ்ந்த ரி. ஐந்தாவது கார்டில் இருப்பதோ சதுஸ்ருதி ரிஷபம், அதைவிட உயர்ந்த ரி. அங்கே கார்டு மாற்றுவதையே விட்டுவிடுவது நல்லது. ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிடுங்கள். இப்போது தடித்த மூன்று கம்பியும் டி, ஏ, டி. அதாவது ச, ப, ச. கட்டைவிரல் அந்த மூன்றில் மாறி மாறி நடக்கட்டும், மெட்டை மெல்லிய கம்பியில் எடுங்கள். தம்புராவும் தாளமும் ஒரே விரலில் கிடைத்துவிடும். மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் நாலு கட்டை, ஐந்தாவதில் போட்டால் ஐந்து கட்டை. இங்கிலாந்தின் டேவி கிரஹாம் 1960களில் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதியும் இதன் நீட்சிதான்: ச ப ச ம ப ச. மொராக்கோ இசைக்காரர்களோடு வாசிக்கப் போய் அவருக்கு இது பிடிபட்டது என்பார்கள். காந்தாரமே இல்லாததால், சுத்த மத்யமமும் பஞ்சமமும் உள்ள எந்த ராகத்தோடும் சண்டைக்குப் போகாது.

தாளத்துக்குக் கும்மி நல்ல பாடம். தகிட, தகிட. த-வில் கட்டைவிரல், கி-யிலும் ட-விலும் மற்ற இரு விரல்கள். பிள்ளைகளை முதலில் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டச் சொல்வேன். கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு வேறு வகை. ஒருவர் எடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். கயிறு இழுக்கிற மூச்சு நடுவே வரும். அந்த மூச்சு விடும் இடத்தில் கிட்டார் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒப்பாரிக்குக் கிட்டார் சொல்லித் தர மாட்டேன். கேட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

கோயில் (சர்ச்) பாடற்குழுவில் வாசிக்க வேண்டும். அதற்குப் பயன்படுமா?

இந்த ஊரில் கிட்டார் தூக்குகிறவர்களில் பெரும் பகுதி அதற்காகத்தான் வருகிறார்கள். பாமாலைப் பாட்டுகள் மேற்கத்திய நாலு குரல் அமைப்பில் இருப்பவை. கார்டு அநேகமாக அடிக்கு அடி மாறும். முதல் வருடத்தில் அது வேண்டாம், அல்லது முக்கியமான கார்டுகளை மட்டும் வைத்துச் சுருக்கித் தருகிறேன். கீர்த்தனைகள் நேர் எதிர். கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து (1774–1864) அவை ராகத்தில் கட்டப்பட்டவை. மேலே செஞ்சுருட்டிக்கும் புன்னாகவராளிக்கும் சொன்னது அங்கே அப்படியே செல்லும். புதிதாக வரும் ஆராதனைப் பாட்டுகள் நாலு கார்டில் முடிந்துவிடும். மூன்று மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம், ஓரமாக.

கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசிக்க ஆசை.

நான் ஆள் இல்லை. ஆர். பிரசன்னா போன்றவர்கள் கிட்டாரில் முழுக் கச்சேரியே செய்கிறார்கள். கம்பியை இழுத்தும் சறுக்கியும் கமகத்தைக் கொண்டுவரும் அந்தப் பயிற்சி தனி வழி. முதலில் வாய்ப்பாட்டு ஆசிரியர் ஒருவரிடம் வரிசைகளைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

டிரினிட்டி கிரேடு தேர்வுக்கு (லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வு) தயார் செய்வீர்களா? சான்றிதழ் உண்டா?

இல்லை, இல்லை. தேர்வு வேண்டுமென்றால் அதற்கான பாடத்திட்டத்தோடு நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன, நோட்டேஷன் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள். அது மோசமான வழி அல்ல. எட்டு கிரேடு முடித்துவிட்டு, கல்யாண வீட்டில் பெரியம்மா ஒரு பாட்டை எடுத்தால் சுருதி பிடிக்கத் தெரியாமல் நிற்கிற பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு ஆசிரியர் வையுங்கள்.

நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா?

வேண்டாம். டேப் எழுதித் தருவேன்: ஆறு கோடு, கோட்டின் மேல் ஃப்ரெட் எண். மேல் கோடு மெல்லிய கம்பி என்பது மட்டும் முதல் வாரம் எல்லாரையும் குழப்பும், ஏனென்றால் மடியில் கிட்டாரை வைத்துக் குனிந்தால் மேலே தெரிவது தடித்த கம்பி. டேப் மறந்துபோகாமல் இருக்கத்தான். பாட்டை முதலில் காதால் எடுக்க வேண்டும்.

யூடியூப்பிலேயே எல்லாம் இருக்கிறதே?

இருக்கிறது, நானும் பார்க்கிறேன். மேபெல் கார்ட்டரும் ஜான் ஹர்ட்டும் வயதான காலத்தில் வாசித்ததைக் கண்ணால் பார்க்க அது இல்லாவிட்டால் வழியே இல்லை. ஆனால் திரைக்கு உங்கள் கை தெரியாது. வலது மணிக்கட்டு விறைத்திருப்பது, தோள் தூக்கியிருப்பது, பாடும் வரி தொடங்கும்போது மட்டும் கட்டைவிரல் ஒரு அடி தாமதமாவது, இதையெல்லாம் யாராவது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் உண்டு.

இதே காரணத்துக்காக ஆன்லைன் வகுப்பும் நான் தொடர்ச்சியாக எடுப்பதில்லை. சத்தம் ஒரு நொடியில் கொஞ்சம் பிந்தி வந்தாலும் இரண்டு பேர் சேர்ந்து வாசிக்க முடியாது. சேர்ந்து வாசிப்பதுதான் என் வகுப்பில் பாதி நேரம். படிப்புக்காகச் சென்னை, கோவை போய்விட்ட பழைய மாணவர்கள் சந்தேகம் கேட்டால் வீடியோவில் பார்ப்பேன்.

பையன் இடதுகைக்காரன். தலைகீழாகப் பிடிக்கலாமா?

மூன்று வழி உண்டு. இடதுகைக் கிட்டார் வாங்குவது. கிடைப்பதும் குறைவு, போகிற வீட்டில் எடுத்து வாசிக்கவும் முடியாது. வலதுகைக் கிட்டாரையே எல்லாரையும்போல் பிடிப்பது. கம்பி அழுத்தும் வேலை வலுவான கைக்குப் போகும், பல பேருக்கு இது நன்றாகவே அமைகிறது. மூன்றாவது, கம்பியை மாற்றாமல் கிட்டாரை மட்டும் திருப்பிப் பிடிப்பது. வட கரோலினாவின் எலிசபெத் காட்டன் அப்படித்தான் வாசித்தார்: கட்டைவிரலில் மெட்டு, மற்ற விரல்களில் பேஸ். அண்ணனுடைய வாத்தியத்தை எடுத்துத் தானாகப் பழகியவர். அறுபது வயதைத் தாண்டிய பிறகுதான் உலகம் அவரைக் கேட்டது. அழகான வாசிப்பு, ஆனால் என்னால் அதைச் சொல்லித் தர முடியாது. இரண்டாவது வழியில் ஒரு மாதம் பார்க்கலாம்.

தினமும் எவ்வளவு நேரம் பயிற்சி?

இருபது நிமிடம், தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருவதால் விரல் நுனிதான் புண்ணாகும். கிட்டாரை உறைக்குள் வைத்து பீரோ மேல் ஏற்றிவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பாட்டு கையில் நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள, வாசித்துக்கொண்டே வீட்டில் யாரிடமாவது பேசிப் பாருங்கள். “சாப்பாடு என்ன?” என்று கேட்கும்போது கட்டைவிரல் நடந்துகொண்டிருந்தால் அந்தப் பாட்டு முடிந்தது.

சுருதி சேர்க்க முதல் மாதம் கிளிப் டியூனர் வைத்துக்கொள்ளலாம். பிறகு காதால். ஆறாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட், ஐந்தாவது கம்பியோடு சேர வேண்டும். அப்படியே கீழே போக வேண்டும். மூன்றாவது கம்பியில் மட்டும் நாலாவது ஃப்ரெட். தினமும் ஐந்து நிமிடம் இதற்குப் போகும், போகட்டும்.

கம்பி துருப்பிடிக்கிறது. மோசமான கம்பியா?

ஊர் அப்படி. உப்புக் காற்று, அதோடு கை வியர்வை. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். பழைய வேட்டித் துணி போதும். பூச்சு போட்ட கம்பி விலை கூடுதல், ஆனால் கடற்கரை ஊரில் அந்தக் காசு வீணில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் உறைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ மூடிய காருக்குள்ளோ விட்டுவிட்டால் பசை இளகி பிரிட்ஜ் பின்பக்கம் எழும்பிவிடும். அது ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும்.

வகுப்பு நேரத்தில் பெற்றோர் இருக்கலாமா?

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் யாராவது ஒருவர் இருந்தால் எனக்கு நிம்மதி. முன்னறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். விரல் வைப்பதைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். பெரும்பாலும் என் கையைக் காட்டினாலே போதும். எந்த ஆசிரியரிடம் சேர்த்தாலும் இதைக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிக்கிறவரிடம் சேர்க்காதீர்கள். உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: “நல்லா வாசிலே, மாமா கேக்காகள்லா” என்று நடுவில் ஊக்கப்படுத்த வேண்டாம்.

எத்தனை வருடம் வர வேண்டும்?

இரண்டு வருடம் ஒழுங்காக வந்தால், கேட்காத பாட்டு ஒன்றைக் கேட்டு, கட்டை கண்டுபிடித்து, கார்டு வைத்து, கட்டைவிரலோடு வாசிக்கத் தெரிந்துவிடும். அதன் பிறகு மாதம் ஒரு தடவை வந்தால் போதும். அதற்கு மேலும் வாரா வாரம் வரச் சொல்கிற ஆசிரியர் உங்களுக்குப் புதிதாக என்ன தருகிறார் என்று பாருங்கள், நான் உட்பட.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

வார்த்தை முழுதாகத் தெரிந்த ஒரு பாட்டு. சினிமாப் பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில். கிட்டார் இருந்தால் கிட்டார். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு வாருங்கள், வலது கை நகத்தைத் தொட வேண்டாம். முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை.